ஆயிலில் கலந்த பெட்ரோல்

அந்தக் காரில் என்ன கோளாறு என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. என்னிடமே கேட்டபோது பொய் சொன்னேன். காரின் சொந்தக்காரரைத் தவிர இதுவரை வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை செய்யும் வேலை எனக்கு. பங்க்கின் மூலையில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு ரிஜிஸ்டர். வண்டியின் சைலன்ஸர் வாய்க்குள் ஒரு குழாயைச் செருகினால் மிஷினில் சிவப்பு எண்கள் ஓடி ஓர் இடத்தில் நிற்கும். பெட்ரோல் காருக்கு அது மூன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சான்றிதழ் இல்லை. பதினைந்து வருடம் ஓடிய காரை மறுபடி பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் என்னிடம் வந்தாக வேண்டும்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு ஆள் காரணம். அவர் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வெளிர் நீல அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, புகை டெஸ்ட்டு இங்கதானுங்களே?"

பாலிடெக்னிக்கில் எங்களுக்கு இன்ஜின் பாடம் நடத்தியவர். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அதே இஸ்திரி போட்ட சட்டை, பையில் அதே இரண்டு பேனா. அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அவருடைய வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவராக எழுப்பி ஊர் கேட்டார். நான் ஊரைச் சொன்னேன். "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்றார். அந்தப் பக்கம் என்றேன். அப்பாவுக்கு என்ன வேலை என்றார். ஒரு தோட்டத்தில் மாடு பார்க்கிறார் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒர்க் ஷாப்பில் இன்ஜினைச் சுற்றி நாற்பது பேரை நிற்க வைத்து ஆயில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பி இருக்கும். அதை உருவி, அளவைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டும் என்றார். "கருகல் வாசம் வந்தா இன்ஜின் சூடாகுது. பெட்ரோல் வாசம் வந்தா பம்ப்பு போச்சு. மெக்கானிக்குக்கு மூக்குதான்டா முதல் மீட்டர்." கம்பி கை மாறிக் கை மாறி வந்தது. நான் கையை நீட்டினேன். அவர் இடையில் வாங்கிக்கொண்டார்.

"உனக்கு எதுக்கு? சாணி மோந்த மூக்கு. அதுல பெட்ரோலு ஏறுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடம் என் பெயர் சாணி மூக்கு. விடுதிச் சமையல்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். செய்முறை வகுப்பில் மற்றவர்கள் இன்ஜினைப் பிரிக்கும்போது என் கையில் கந்தைத் துணியைக் கொடுத்துத் தரையில் சிந்திய ஆயிலைத் துடைக்கச் சொல்வார். குனிந்து துடைத்துக்கொண்டே அவர் சொல்வதையெல்லாம் கேட்டேன். ஒன்றுவிடாமல் மனப்பாடம். கடைசிப் பரீட்சையில், மூன்று வருடம் என்னைத் தொடவிடாத அதே இன்ஜினைக் காட்டிப் பிரித்துக் கோர்க்கச் சொன்னார். ஒரு ஸ்பேனரைத் தவறாக எடுத்தேன். ஃபெயில். ஒரு மோட்டார் கம்பெனி வேலைக்கு என்னோடு தேர்வாகியிருந்த இரண்டு பேர் அங்கே சேர்ந்தார்கள். நான் மறுபடி எழுதித் தேறி வந்தபோது அங்கே என் இடம் இல்லை.

இப்போது அவர் என் முன்னால் நின்று பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் காரைத் தானே மாற்றிக் கட்டியிருந்தார். புது மாடல் கார் ஒன்றின் கார்புரேட்டரை எடுத்து இதற்குப் பொருத்தியிருந்தார். இன்ஜினிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வளைந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போயிற்று. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வண்டியில ஆயில் ஆவியெல்லாம் கீழ ரோட்டுக்குத்தானுங்க போகும். வண்டி நின்னா காருக்குள்ள ஏறும். இவளுக்கு மூச்சு எளப்பு. அதான் நானே குழாய் போட்டு ஏர் ஃபில்டருக்குள்ள திருப்பி உட்டுப்போட்டேன். ஆவி உள்ளயே போய் எரிஞ்சு போயிரும்."

இவள் என்றது முன் சீட்டில் இருந்த அவர் மனைவியை. மெலிந்த உடம்பு, கைக்குள் ஒரு மருந்துப் புட்டி. கண்ணாடியை இறக்கி, "கண்ணு, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்றார். என் பாட்டிலைக் கொடுத்தேன். வாயில் படாமல் குடித்துவிட்டு முந்தானையால் பாட்டிலின் வாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வாத்தியார் ஆயில் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து, "பாருங்க, எப்படி வெச்சிருக்கறேன்" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. தண்ணீர் மாதிரி வழிந்தது. பெட்ரோல் வாசம் குப்பென்று வந்தது. அவர் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஷினில் ஆறரை வந்தது.

"மிஷின் தப்பு" என்றார். மேனேஜரிடம் கேட்கிறேன் என்று பங்க் ஆபீசுக்கு நடந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகு மறைந்ததும் அந்தக் கறுப்புக் குழாயை ஏர் ஃபில்டரிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டேன். எண்கள் இறங்கின. ஐந்து, நான்கு, மூன்று. இரண்டே காலில் நின்றன. குழாயைத் திரும்பச் செருகினேன். மெல்ல மெல்ல ஆறரைக்கு ஏறின.

எல்லாம் அவ்வளவுதான். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பினுள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக ஆயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகி, மனைவிக்காக அவர் போட்ட குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போனது. வீட்டில் அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கார்புரேட்டரைச் சரிசெய்வார். அப்போது குழாயும் கழன்று கிடக்கும். இன்ஜின் அழகாக ஓடும். மூடி மாட்டி என்னிடம் கொண்டுவந்தால் ஃபெயில். பம்ப்பை மாற்ற அரை மணி நேரம் போதும்.

அவர் திரும்பி வந்து, "என்னவா இருக்குமுங்க?" என்றார்.

"தெரியலீங் சார்" என்றேன்.

பத்து நாள் கழித்து வந்தார். பிளக்குகளை மாற்றியிருந்தார். மிஷினில் ஆறு. அடுத்த முறை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, உள்ளிருந்த சின்னச் சின்ன உறுப்புகளையெல்லாம் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தார். ஆறே முக்கால். எண்கள் நிற்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். நின்ற பிறகு நிமிர்ந்து பார்ப்பேன். அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்தேன் என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் உண்டு, அப்போது இல்லை.

அந்த மூன்றாம் முறைதான் காருக்குள்ளிருந்து அவர் மனைவி, அந்த அம்மா, மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுங்க. ஊட்டுல கார் செட்டுக்குள்ளயும் அடிக்குது."

அவர் திரும்பினார். "பெட்ரோல் பங்க்குல பெட்ரோல் நாத்தம் வராம மல்லிப்பூ வாசமா வரும்? இன்ஜினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பேசாம உக்காரு அம்மணி."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மா எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஒவ்வொரு முறையும், "சாப்ட்டயா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

"பங்க்குல அப்படித்தானுங்கம்மா இருக்கும்" என்றேன்.

அம்மா மடியிலிருந்த மருந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்த வாசத்தைப் பற்றி அவர் பேசியதாக நினைவில்லை.

நான்காவது முறை ஆறரை வந்தபோது அவர் கத்தவில்லை. மிஷினைக் குறை சொல்லவில்லை. என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"தம்பி, நீங்க தெனமும் எத்தனையோ வண்டி பாக்கறீங்க. நான் முப்பது வருசம் இதைச் சொல்லிக் குடுத்தவன். எனக்கே புடிபட மாட்டேங்குது. உங்களுக்கு என்னங்க தோணுது?"

இந்தக் கேள்வியை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது போல வந்தது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும் சார். இன்ஜினை முழுசா எறக்கிப் பிரிச்சாத்தான் சரியாகும்."

வெளியே போய்ப் பானெட்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அம்மா தலையை நீட்டி, "மெக்கானிக்குகிட்ட உட்டா என்னங்க? உங்களுக்குத்தான் இடுப்பு முடியலையே" என்றார்.

"என்ற வண்டில இன்னொருத்தன் கை வெக்கறதா?"

ஒரு மாதத்துக்கு மேல் அவர் வரவில்லை. அறுபது தாண்டிய ஆள், தனியாக, ஒரு முழு இன்ஜினைச் சங்கிலி போட்டு இறக்கித் தரையில் பரப்பிக்கொண்டு கிடப்பதை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே வருவேன். தரையில் ஆயில் சிந்தும். அவரே குனிந்து துடைப்பார். அந்த மாதம் போல நான் சந்தோஷமாக வேலைக்குப் போனதில்லை. அம்மாவை அந்தக் காட்சியில் எங்கேயும் வைத்துப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மறுபடி வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் காரிலிருந்து இறங்கினார். வலது கையில் இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. மிஷினில் குழாயைச் செருகினேன்.

இரண்டரை. பாஸ்.

எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. இன்ஜினைப் பிரித்தவர் பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றியிருக்கிறார். அதில் இன்னும் பெட்ரோல் அவ்வளவாக இறங்கவில்லை. ஓட ஓட மறுபடி இறங்கும்.

"பம்ப்பைப் பிரிச்சுப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

"அது நல்லாத்தானுங்க இருக்குது. வெளிய தொடச்சு அப்படியே மாட்டிப்போட்டேன்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சொன்னதுதானுங்க சரி. ரிங்குதான். என்கிட்டப் படிச்ச பசங்களுக்குக்கூட இவ்வளவு தெரியாதுங்க."

அம்மா ஒரு டப்பாவை நீட்டினார். ஒப்புட்டு, எங்கள் பக்கத்துப் போளி. அவர் கையால் செய்தது, இன்னும் சூடாக இருந்தது. அவர்கள் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்துத் தின்றேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வண்டி கிளம்பி மெயின் ரோட்டில் திரும்பும் வரை நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். டப்பாவில் மீதி இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தேன்.

பிறகு வெயில் காலம் வந்தது. ஒரு மத்தியானம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து தனியாக வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஸ்டூலில் உட்காரவில்லை. பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே வட்டமான ஒரு கறுப்பு ரப்பர் துண்டு, விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

"ஈரோட்டுக்கு மக ஊட்டுக்குப் போயிட்டிருந்தோம். பெருந்துறை தாண்டி இன்ஜின்ல படபடன்னு சத்தம். நிறுத்தறதுக்குள்ள அப்படியே இறுகிப் புடிச்சுக்கிச்சு. ரோட்டோரத்துல ஒரு மெக்கானிக்கு. படிக்காதவன். வந்து கம்பியை உருவி மோந்தான். ஆயில் பூராம் பெட்ரோலு, வழவழப்பே இல்லைன்னான். அஞ்சு நிமிசம் ஆகல, இதைக் கழட்டிக் கையில குடுத்துட்டான்."

நான் அந்த ரப்பர் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எனக்கு வாசம் தெரியாது. மூக்குல ஆப்பரேசன் பண்ணினதுலருந்து எதுவும் தெரியறதில்ல. நாலு வருசம் ஆச்சு. அவ சொன்னா. நான் கேக்கல."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னா. ஒரு மர நெழல் இல்ல. அங்கயே மூச்சு தெணறிருச்சு. ஆஸ்பத்திரில இருக்கறா. இன்னும் பேச்சு வரல."

எந்த ஆஸ்பத்திரி என்றும் சொன்னார். நான் தினமும் பஸ் மாறும் காந்திபுரத்திலிருந்து நடக்கிற தூரம். பிறகு ஒரு நாள்கூட நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று அந்த அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஆனால் மூன்று வருடமும் அதன் பிறகும் நான் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்று, அவர் அப்படி நிற்கும்போது வெளியே வந்தது.

"எனக்கு மொத நாளே தெரியும் சார். கம்பியை நீட்டினீங்கல்ல, அப்பவே வாசம் வந்துச்சு. நீங்க மேனேஜரைப் பாக்கப் போனப்ப குழாயைக் கழட்டியும் பாத்தேன். ரீடிங் ரெண்டே காலுக்கு எறங்குச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்று சொன்னேன். எந்த வருடம், எந்த வகுப்பு, எந்த ஊர், அந்தப் பக்கம். கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவர் சொன்னதை அதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் அசையவில்லை. முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்தேன். பழைய வகுப்பில் தப்பான விடை சொன்னவனைப் பார்ப்பது போல இருந்தது.

"எத்தனையோ பேரு படிச்சாங்க. எனக்கு ஞாபகம் இல்ல. நான் அப்படியெல்லாம் பேசற ஆளும் இல்ல."

"சொன்னீங்க சார். நாப்பது பேரு சிரிச்சாங்க."

"உனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். "தெரிஞ்சிருந்தா மொத நாளே சொல்லி உன்ற பவுசைக் காட்டியிருப்பே. இப்ப நான் இதைக் கொண்டாந்து காட்டினதும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசற. ரிங்குன்னுதானே சொன்னே? உனக்கு அவ்வளவுதான் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஒரு ஆளை அலைய விட்டு, காரை அழித்து, அவர் மனைவியைப் படுக்க வைத்தாயிற்று. அதைச் செய்தது நான்தான் என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை. சத்தியம் செய்கிறேன் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் காதில் வாங்கவில்லை.

"அந்த ரிஜிஸ்டரைக் குடு" என்றார்.

கொடுத்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் தேதி, எண், ரீடிங், கடைசியில் ஒரு கட்டத்தில் கோளாறு பற்றிய குறிப்பு எழுதுவது வழக்கம். பக்கங்களைப் புரட்டித் தன் காரின் ஐந்து வரிகளையும் கண்டுபிடித்தார். ஒன்றில் கார்புரேட்டர் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த எழுத்தைச் சேர்த்தார். நான்காவது வரியில் நான் எழுதியிருந்த 'ரிங் தேய்மானம்' என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் 'பெட்ரோல் பம்ப் சவ்வு கிழிவு' என்று கரும்பலகையில் எழுதுவது போல உருண்டை உருண்டையாக எழுதினார். கிழிந்த ரப்பரைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"தப்பா எழுதி வெக்காதீங்க தம்பி" என்றார். "நாளைக்கு வேற யாராச்சும் பாப்பாங்க."

இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். காந்திபுரம் பஸ் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.